காக்கா கட்டிய வீடு

"ஸ்கேன்லதான் ஒண்டும் இல்லயே. பின்ன என்னத்துக்கு இன்னொரு டொக்டர்?"

கிளினிக் வாங்கில் உட்கார்ந்ததும் ஜவாத் தங்கச்சி றினோஸாவிடம் கேட்டான். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"ஒண்டும் இல்லயெண்டு போடல்ல காக்கா. தெளிவில்லயெண்டுதான் போட்டிரிக்கி."

"ரெண்டும் ஒண்டுதான்" என்றான் அண்ணன்.

எட்டு மாதமாக றினோஸாவுக்கு இப்படித்தான். திடீரென்று இடது கை மரத்துப்போகும். கையில் இருப்பது கீழே விழும். இரண்டு நிமிடம் பேச்சு வராது. பிறகு எதுவுமே நடக்காதது போல எழுந்து மீன் கழுவப் போய்விடுவாள். பார்க்கிறவர்களுக்கு நடிப்பு மாதிரித்தான் தெரியும். ஜவாத்துக்கும் அப்படித்தான் தெரிந்தது.

போன கிழமை கொதிக்கிற கஞ்சிப் பானையோடு சரிந்தாள். மகள் கொஞ்சம் தள்ளி நின்றதால் தப்பினாள். றினோஸாவின் புருஷன் ஆழ்கடல் படகில் போனால் திரும்பி வர இருபது நாளாகும். ஆகவே இந்த அலைச்சல் முழுவதும் ஜவாத்தின் தலையில் விழுந்தது.

எதிர் வாங்கில் இருந்த ஊர்ப் பெரியவர் சீனிமுகம்மது மாமா அவர்களைக் கண்டுவிட்டார்.

"ஜவாத் தம்பியா? தங்கச்சியக் கூட்டிட்டு வந்திரிக்கியா? மாஷா அல்லாஹ்!"

உடனே பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார்.

"காக்கா எண்டா இவனப்போல இரிக்கணும். வாப்பா மவுத்தாப் போனதுக்குப் பொறகு, நாவிதன்வெளி வயல்ல கிடந்து மாடாட்டம் உழைச்சான். மேல்மாடி வெச்சு ஊடு கட்டிக் குடுத்துத்தான் தங்கச்சிக்கு மாப்பிள எடுத்தான். நம்மட பக்கம் குமருக்கு ஊடு இல்லாட்டி எவன் வாறான், சொல்லுங்க பாப்பம்?"

ஜவாத் அடக்கமாகச் சிரித்தான். இந்தப் பேச்சு அவனுக்கு ஒருநாளும் அலுத்ததில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் அவனுக்கு இடம் கிடைத்ததே அந்த வீட்டால்தான்.

"காக்கா இல்லாட்டி எனக்கு ஊடேது மாமா?" என்றாள் றினோஸா.

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

டொக்டர் அம்ஹாவுக்குச் சின்ன வயது. சாய்ந்தமருதுப் பிள்ளை என்று கேட்டதிலிருந்தே ஜவாத்துக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பக்கத்து ஊர். ஒரு கதை வெளியே போனால் அஸர் தொழுகைக்குள் கல்முனை முழுக்கச் சுற்றி வந்துவிடும்.

ஸ்கேன் படத்தை டொக்டர் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இதில சின்னதா ஒரு அடையாளம் இரிக்கி. பழசு. பிறவியா, நோய் வருத்தமா, அடிபட்டதா எண்டு ஸ்கேன் சொல்லாது. நீங்கதான் சொல்லணும். எப்பயாவது தலையில அடிபட்டிச்சா?"

றினோஸா காக்காவைப் பார்த்தாள்.

"இல்ல டொக்டர்" என்றான் ஜவாத்.

"நான் அவங்களத்தான் கேட்டன்."

"இல்ல டொக்டர்" என்றாள் றினோஸா.

"வெளியூர், வெளிநாடு எங்கயாவது இருந்தீங்களா?"

"கலியாணத்துக்கு முந்தி நாலு வருஷம் தூரத்தில ஒரு மத்ரஸாவில ஓதினவ. அவ்வளவுதான்." இதற்கும் ஜவாத்தான் பதில் சொன்னான்.

டொக்டர் பெருமூச்சு விட்டார்.

"அப்ப எனக்கு வேற வழியில்ல. பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாறன். முதுகெலும்புக்குள்ள ஊசி ஏத்தி நீர் எடுத்துப் பாப்பாங்க. அதிலயும் தெரியாட்டி, மண்டையத் திறந்து ஒரு துண்டு எடுக்கவும் கேப்பாங்க. சம்மதமா?"

"ஓம் டொக்டர். எழுதுங்க" என்றாள் றினோஸா.

டொக்டர் எழுதி நீட்டிய கடிதத்தில் கையெழுத்து வைப்பதற்காக, அதை இடது கையால் அழுத்திப் பிடித்தாள். விரல்கள் விட்டுவிட்டன. கடிதம் கீழே விழுந்தது. றினோஸா யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, குனிந்து வலது கையால் அவசரமாகப் பொறுக்கினாள். மரத்த கையை அபாயாவுக்குள் மறைத்தாள்.

ஜவாத் பார்த்துவிட்டான். நடிக்கிறவள் அதை ஒளிக்கமாட்டாள். எட்டு மாதமாக அவளைச் சொன்ன சொல்லெல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"டொக்டர்… கொஞ்சம் பொறுங்க" என்றான். "இவ ஓதப் போகல்ல. குவைத்தில நாலு வருஷம் ஊட்டு வேல செஞ்சவ. அந்த ஊட்டுக்காரி மேல்படியில இருந்து தள்ளி உட்டுட்டாள். மூணு நாள் நினைவில்லாமக் கிடந்தவ. ஆருக்கும் சொல்லக் கூடாதெண்டு நான்தான் சத்தியம் வாங்கினன்."

டொக்டரின் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. தன்னுடைய செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டொக்டர் வேகமாக எழுதினார். "இதத்தான் நான் கேட்டன். இனி எதத் தேடுறதெண்டு தெரியும். ஊசி இப்ப வேணாம்."

பிறகு றினோஸாவிடம் திரும்பினார். குரலில் கோபம் இருந்தது.

"எனக்கு முந்தி ரெண்டு டொக்டர் கேட்டிரிக்காங்க. உங்கட தல, உங்கட உசிரு. குவைத்தில வேல செஞ்சதில என்ன வெக்கம்? ஏன் மறைச்சீங்க?"

றினோஸா கதவைப் பார்த்தாள். சீனிமுகம்மது மாமா இன்னும் யாருக்கோ அந்த மேல்மாடி வீட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு ஒரு வெக்கமும் இல்ல டொக்டர். நான் குவைத்தில இருந்தது தெரிஞ்சா, அந்த ஊட்டக் கட்டினது காக்கா இல்லயெண்டும் ஊருக்குத் தெரிஞ்சிருமே."