மாதிரி விமானத்தின் வாசல்

கொட்டகையின் கூரைக் கண்ணாடி வழியே சாய்ந்து இறங்கும் வெயில், மரத்தாலும் தகரத்தாலும் முழு அளவில் செய்த மாதிரி விமானத்தின் மேல் விழுகிறது. ஒலியை முந்திப் பறக்கும், ஆனால் சாதாரணக் குடும்பமும் ஏறக்கூடிய விமானம் ஒன்றை மகள் இத்தனை வருடமாக வரைந்து வரைந்து கொண்டுவந்த வடிவம் இது. நிறுவனம் இன்றோடு அதைக் கைகழுவிவிட்டது. பின்வரிசையிலிருந்து தொழிலாளர்கள் இருக்கைகளைக் கழற்றிக்கொண்டே வருகிறார்கள். முன்வரிசை மட்டும் பாக்கி. அங்கே, உள்ளங்கை அகல ஜன்னலோரம் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவளை அழைத்துப்போக வந்த அப்பா, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு பக்கத்தில் நிற்கிறார். "பஸ் டிக்கெட் விலையில பறக்கலாம்னாங்க. இப்ப பஸ் டிக்கெட் வாங்கவே நமக்கு வேலையைக் காணோம்," என்று வெளியே ஃபிட்டர் சொல்ல, இரண்டு பேர் சிரிக்கிறார்கள். "அப்பா, உங்களை இதுல ஏத்திட்டுப் போவேன்னு சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் நீங்க..." என்று மகள் தொடங்கி நிறுத்துகிறாள். "சொன்னது நான். பதிலையும் நானே சொல்லிக்கிறேன்," என்கிறார் அப்பா. "கண்ணைத் துடைம்மா. நம்ம வீட்டு ஆளு அடுத்தவன் பார்க்க அழுறதில்ல." அவளால் முடியவில்லை, அழுகை சத்தமாகவே வெடிக்கிறது. அவர் விறுவிறுவென்று வாசலுக்குப் போய், இரண்டு கைகளையும் சட்டத்தில் ஊன்றி வழியை அடைத்து நிற்கிறார். முதுகு வளையவில்லை, தாடை மட்டும் நடுங்குகிறது. போல்ட் கழற்றும் மெஷினோடு படியேறி வரும் ஃபிட்டரிடம், "ஏம்ப்பா, இந்த போல்ட்டெல்லாம் துருப்பிடிக்காதா?" என்று ஊருக்கே கேட்கிற குரலில் கேட்கிறார். ஃபிட்டர் அவர் முகத்தைப் பார்க்கிறான். அவர் தோளைத் தாண்டிப் பார்க்கவில்லை. "பிடிக்காதுங்க ஐயா," என்கிறான் மெதுவாக. பிறகு அங்கேயே குனிந்து, போல்ட் எதுவும் இல்லாத வெறும் ஓட்டையில் மெஷினை வைத்து அழுத்துகிறான். அழுகையையும் மூடிக்கொண்டு அதன் இரைச்சல் கொட்டகை முழுவதும் நிறைகிறது. அவன் விரலை எடுக்கவே இல்லை.