தூங்கட்டும்

பஸ்ஸுக்காக நான் நின்றிருந்த இடத்துக்கு எதிரிலேயே அந்தக் கார் புளியமரத்தில் மோதியது. ஓட்டி வந்த பெண் சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் சிக்கிக்கொண்டாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, பக்கத்துல எங்க வீட்டுக்காரரு. எப்படி இருக்காரு?"

ஓடி வந்தவர்களில் ஒருவர் மறுபக்கம் போய், அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் உதட்டைப் பிதுக்கினார்.

"தூங்குறாரு கண்ணு."

"இந்த இடியிலயுமா?" சிரிக்கப் பார்த்தாள். "அவருதான் ஓட்டிட்டு வந்தாரு. தூக்கம் சொக்குது, நீ ஓட்டுன்னாரு. இப்பத்தான் டீக்கடையில இடம் மாறினோம். எழுப்பாதீங்கம்மா, தூங்கட்டும்."

"சரி கண்ணு."



"தூங்கினா குறட்டை விடுவாரே. ஒண்ணும் கேக்கலையே?"

"இந்த லாரிச் சத்தத்துல எங்க கேக்கும்?" என்றேன்.

அதற்குள் ஆம்புலன்ஸுக்கு வழிவிடச் சொல்லி, இரண்டு பக்கமும் லாரிகளை ஓரங்கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு எஞ்சினாக அணைந்தது. கடைசி லாரியும் அடங்கிய பிறகு சாலையில் ஒரு சத்தமும் இல்லை. அவள் என் கையை இறுக்கிப் பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, அந்தப் பக்கமாகக் காது கொடுத்தாள்.