பரஞ்சோதியின் புலிநகம்

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பரஞ்சோதி, கழுத்தில் புலிநகம் தொங்க ஃபேஸ்புக்கில் படம் போட்டார். யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். மறுநாளே வனவிலங்கு அதிகாரி கேதரின், புக்கிட் செலம்பாவில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நிஜ நகம்னா ஜெயில்தான், அண்ணே."

"ஐயோ, பிளாஸ்டிக் மேடம்! பாசார் மாலாம், ராத்திரிச் சந்தைல வாங்குனது."

கேதரின் நகத்தை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமாலா, டூப்புதான். மாட்டுக் கொம்பைச் சீவி உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான்."

தப்பித்தோம் என்று மூச்சுவிட்ட பரஞ்சோதிக்கு அடுத்த நொடியே ரத்தம் கொதித்தது.

"மாட்டுக் கொம்பா? மோட்டார் சைக்கிளையே வித்துல்ல வாங்குனேன்! கரங்கான் ஊரு தாயத்துக்காரன், செத்த புலியோட படத்தையே காட்டினானே, படுபாவி!"

"அவன் வீடு தெரியுமா?"

"வாங்க, நானே காட்டுறேன். பெட்டி நிறைய வச்சிருக்கான்."

வழி நெடுக அவனைத் திட்டிக்கொண்டே வந்தார். தாயத்துக்காரன் பெட்டியோடு பிடிபட்டான். பரஞ்சோதிக்கு ஏக திருப்தி.

"சரி தங்கச்சி, அந்த மாட்டுக் கொம்பைக் கொடுங்க. ஞாபகத்துக்கு வச்சுக்கிறேன்."

"கொடுக்க முடியாது, அண்ணே," என்று சிரித்தார் கேதரின். "அது அசல் புலிநகம். நீங்கதான் முதல் சாட்சி."