பத்தாவது பொருத்தம்

“எழுத்தை நேரா ஸ்கிரீன் மெமரியிலேயே போட்டுட்டேன் சார். இனிமே பொருத்தமெல்லாம் கண் மூடித் திறக்கறதுக்குள்ள திரையில வந்துடும்,” என்றாள் புரோகிராம் எழுதிய மரகதம். கம்ப்யூட்டர் ஜாதகக் கடை முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை. இரு வீட்டாரும் பார்த்திருக்க, பத்துப் பொருத்தமும் ஒன்றாகப் பளிச்சென்று வந்து நின்றன.

பெண்ணின் அம்மா எழுந்துவிட்டாள். “கணக்கே போடாம, எழுதி வெச்சதைக் காட்டறீங்களா? இதை நம்பியா பொண்ணைக் குடுக்கறது? வாடி சியாமளா!”

“உக்காருங்கம்மா, இது சும்மா வெள்ளோட்டம்,” என்று மரகதம் பழைய புரோகிராமை ஓட்டினாள். ஒவ்வொரு எழுத்தாக ஊர்ந்தது. ஐந்தாம் பொருத்தத்தில் மாப்பிள்ளை சியாமளாவிடம் ஏதோ கேட்டான். எட்டாவதில் அவள் சிரித்தாள்.

“இன்னும் முடியலையா?” என்றாள் அம்மா.

“நிறைய கணக்கு இருக்கும்மா,” என்ற மரகதம், கம்ப்யூட்டர் பெட்டியில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த டர்போ பட்டனை அமுக்கி, அதை இன்னும் குறைத்தாள்.