ஏழு படங்களின் பின்பக்கம்

ஜூன் 12, வியாழன். ஒரு சிறு தவறு. புத்தகத்தின் சேதப் பட்டியலில் 'ஏழு படங்கள், பதினான்கு ஓட்டைகள்' என்று எழுதியிருந்தேன். பார்த்து எழுதவில்லை. நினைவிலிருந்து எழுதினேன். ஓட்டை ஒன்றுகூட இல்லை.

நாட்குறிப்பில் இவ்வளவு எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள். அடுத்த வரிக்குக் கை வரவில்லை.

ஓட்டைகளைப் போட்டவள் அவள்தான். எட்டு வயதில், காம்பஸ் முள்ளால்.

மேல்நாட்டுத் தேவதைக் கதைகளின் பழைய பதிப்பு அது. வழவழப்பான தாளில் தனியே அச்சிட்டு இடையில் வைத்துத் தைத்த வண்ணப் படங்கள். கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கசிந்த ஆரஞ்சு நிறம். அப்பாவின் இரண்டாவது மனைவியாகப் பூரணம் வீட்டுக்கு வந்த அன்று, முதல் வேலையாகப் பையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டிய புத்தகம்.

எந்தக் கதையானாலும் மாற்றாந்தாய்க்கு ஒரே ஜாடை. உயர்ந்த காலர். பச்சைப் பட்டு கவுன். நீண்ட விரல்கள். ஒரு படத்தில் சிறுமியைப் பனியில் பழம் பறிக்க விரட்டுகிறாள். இன்னொன்றில் சாம்பலில் கொட்டிய பருப்பைப் பொறுக்கச் சொல்கிறாள்.

ஏழு படங்களிலும் கண்களைத் தோண்டியாயிற்று. பிறகு புத்தகத்தை அப்பாவின் அலமாரியில், பின்வரிசையில் செருகினாள். பதினாறு வருடம் தொடவில்லை.

அப்பா போய் எட்டு மாதம்.

திங்கட்கிழமை பூரணம் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலுக்குப் போய்த் தம்பி வீட்டோடு இருந்துவிடப் போவதாக. சொல்லிவிட்டு நின்றாள்.

சரி என்றாள் இவள்.

பூரணம் இன்னும் கொஞ்சம் நின்றாள்.

"ஒனக்கு வேண்டாம்னா, அந்தப் படப் புத்தகத்த மட்டும் நான் எடுத்துக்கிடட்டாம்மா?"

அதற்கும் சரி என்றாள். அதற்குப் பிறகுதான் ஓட்டைகள் நினைவுக்கு வந்தன.

நூலகத்தில் பழைய புத்தகங்களைச் செப்பனிடும் மாலை வகுப்புக்கு இரண்டு மாதமாகப் போகிறாள். செவ்வாய்க்கிழமை புத்தகத்தை அங்கே கொண்டுபோனாள். ஞாயிறுக்குள் பதினான்கு கண்களையும் வரைந்துவிட வேண்டும். பூரணம் பார்ப்பதற்குள்.

புதன் முழுக்கத் தனித்தாளில் வரைந்து பழகினாள். ஆகச் சிறிய தூரிகை. எப்படி வரைந்தாலும் அந்தக் கண்கள் முறைத்தன.

பக்கத்து மேசை ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பொம்பள ஒனக்கு என்னட்டி செஞ்சா, இப்படி நோண்டி வச்சிருக்க?"

யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

இன்று படங்களைக் கழற்றினாள். ஓட்டைக்குப் பின்னால் மெல்லிய தாள் ஒட்டிய பிறகே வண்ணம் தொட வேண்டும் என்பது வகுப்பின் விதி. முன்பக்கத்தில் கண்களின் இடத்தில் தெரிந்த வெள்ளையை, ஓட்டை வழியே தெரியும் அடுத்த பக்கம் என்றே நினைத்திருந்தாள்.

முதல் படத்தைத் திருப்பினாள்.

ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

நகத்தளவுத் துண்டு. கத்தரித்ததல்ல, தடிப்புத் தெரியாதபடி ஓரத்தைக் கையால் கிழித்தது. தினக் காலண்டர் தாள். இரண்டாவது படத்திலும் அப்படியே. ஏழிலும். ஒரு துண்டில் 'சூலம்' என்ற சொல் பாதி. அதன் ஓரத்தில், காய்ந்து கண்ணாடியாகிப்போன ஒரு சோற்றுப் பருக்கை.

வீட்டில் சோற்றால் ஒட்டுகிற ஆள் ஒருத்திதான். ரேஷன் கார்டின் மூலை. கிழிந்த பத்து ரூபாய் நோட்டு. இவளுடைய பள்ளி நோட்டுகளின் அட்டை.

தோண்டிய கண்களை எல்லாம் பூரணம் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பழைய சோற்றுப் பசைக்குப் பூச்சி வரும். ஈரப் பஞ்சு வைத்து எடுத்துவிட வேண்டும். அதுவும் விதி. பஞ்சை நனைத்தாள். அருகில் கொண்டுபோனாள். மேசையில் சொட்டியது. தூக்கிப் போட்டாள். இன்னொரு பஞ்சை நனைத்தாள். அதையும் போட்டாள்.

"ஒட்டுனது யாருட்டி? நல்ல பொறுமைசாலி" என்றாள் ஜெசிந்தா.

"வீட்ல" என்றாள்.

அப்படித்தான் சொல்லிப் பழக்கம். சித்தி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பேச வேண்டுமென்றால் எதிரே போய் நிற்பாள். அடுப்படியில் இருந்தால் ஏதாவது பாத்திரத்தைத் தட்டுவாள். உள்ளறையில் இருந்தால் அப்பாவைக் கூப்பிடுவாள். அப்பா இல்லாத இந்த எட்டு மாதமாகத் தொண்டையைச் செருமுகிறாள்.

வீடு வரும்போது ஏழரை. பூரணம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, சேலைகளை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இவள் வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். சுவரோரமாக வைத்தாள். நகர்த்தி வைத்தாள். மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினாள்.

அந்தச் சொல் நாக்கு வரை வந்தது.

செருமினாள்.

பூரணம் திரும்பிப் பார்த்து, தோசை ஊற்றட்டுமா என்று கேட்டாள். இவள் தலையாட்டினாள். என்றும் இரண்டோடு எழுந்துவிடுகிறவள் நான்கு தின்றாள்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம். நீளமாக ஒரு கிழிசல். நின்று, இன்னொன்று.

வேகமாக எழுதினாள்.

கண்களை வரையவில்லை. ஒட்டுகளை எடுக்கவில்லை. படங்களைத் திரும்ப வைத்துத் தைக்க அரை மணி நேரம் போதும்.

நாளை, வெள்ளி. காலை ஆறு மணி, பால் வந்ததும்: ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

அதற்கு முன், கூப்பிட வேண்டும்.