மேகம் வரும் அறை

கண்ணை மூடினால் போதும், அவர் அந்த மலைக்குப் போய்விடுவார். சின்னஞ்சிறு தேசியப் பூங்கா, அதன் உச்சியில் ஒற்றை விடுதி அறை. சன்னலைத் திறந்தால் மேகம் சொந்தக்காரன் மாதிரி உள்ளே வந்து உட்காருமாம். எல்லாம் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் பார்த்ததுதான்.

"இன்னும் எத்தனை வருஷத்துக்குக் கண்ணை மூடியே கூட்டிட்டுப் போவீங்க?" என்றாள் மனைவி. "இன்னிக்கே போனைப் போடுங்க."

"போடறேன். ஆனா பந்தா இல்லாம, சாதாரண ஆளாத்தான் போகணும்" என்றார் பெருந்தன்மையோடு.

எடுத்தவர் பூங்காக் காவலாளி. மனைவி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"உச்சியில இருக்கற அறை சனிக்கிழமை கிடைக்குமாப்பா?"

"அதை மட்டும் கேக்காதீங்க சார். பூட்டியே வெச்சிருக்கோம்."

"ஏன்?"

"எப்ப வேணா வருவேன்னு எங்க டைரக்டர் பதவியேத்த அன்னிக்கே சொல்லிட்டாராம். வாரா வாரம் படுக்கை விரிப்பு மாத்தறோம், ஜாடியில பூ மாத்தறோம். ஆறு வருஷமாச்சு, மனுஷன் எட்டிக்கூடப் பாக்கலை!"

"வேலை அதிகமா இருக்கும்ப்பா..."

"பூங்காவைப் பாக்கறதுதானே சார் அவர் வேலை? சமையல்கட்டுக்குப் பின்னால ஒரு அறை இருக்கு, தரட்டுமா? பேர் சொல்லுங்க."

விசிட்டிங் கார்டில் மூன்று வரிக்கு நீளும் பதவி அவர் நாக்கு நுனிவரை வந்து, அப்படியே திரும்பிப் போனது. மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அவள் அவர் தோளைத் தட்டினாள்.

"விடுங்க. சமையல்கட்டுப் புகை சன்னல் வழியா வந்தா, கண்ணை மூடி மேகம்னு நினைச்சுக்கங்க, டைரக்டர் சார்!"