மேல் வரிசை, கீழ் வரிசை

“கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிடுவேன், எது மலிவு ஃபிலிம்னு!” என்றார் சங்கத் தலைவர்.

“கண்ணைக் கட்டிட்டா படத்தை எப்படி சார் பார்ப்பீங்க?”

சிக்கனம் இப்படிக் கேட்டதும், புகைப்படக்காரர் சங்கத்தின் சின்ன அறையே குலுங்கிச் சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

சிக்கனம் என்பது சங்கத்துக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர். கடையில் கிடைப்பதிலேயே விலை குறைந்த கலர் ஃபிலிமைத்தான் எட்டு வருஷமாகக் கேமராவில் போடுகிறான். கல்யாணம், பள்ளி விழா, பாஸ்போர்ட் படம், எல்லாவற்றுக்கும் அதேதான். அதை யாராவது குறை சொன்னால், பெற்ற பிள்ளையைத் திட்டிவிட்டதுபோல் சிலிர்த்துக்கொண்டு வருவான்.

இந்த வருஷக் கண்காட்சிக்குத் தலைவர் ஒரு புது விதி கொண்டுவரப் பார்த்தார். மலிவு ஃபிலிமில் எடுத்த படத்துக்குச் சங்கத்தின் சுவரில் இடம் கிடையாது. அது நிறைவேறினால் சிக்கனத்தின் படம் ஒன்றுகூட உள்ளே நுழையாது. அவன் விடுவானா? “பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துடுவோம் சார்” என்று சவால் விட்டான்.

தலைவரே தன் கையால் உசத்தி ஃபிலிம் ரோல் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஒரே மாதிரி இரண்டு கேமரா. ஒன்றில் அது, இன்னொன்றில் அவனுடைய மலிவு ஃபிலிம். ஒரு பலகையில் இரண்டையும் ஒட்டினாற்போல் பொருத்தி, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கிப் படம் எடுத்தான் சிக்கனம். கலர் லேபில் பிரிண்ட் போடும் வேலை அவன் மனைவிக்கு. இரண்டு ரோலும் அவளிடம் போயின. தலைவரின் படங்களும் வருஷக்கணக்காக அவள் கையிலிருந்துதான் வெளியே வருகின்றன என்பதால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

இப்போது சுவரில் மேலே மூன்று படம், கீழே அதே மூன்று. முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரிக்கும் வெல்டர், சிவப்புக் குடையோடு பேருந்துக்குக் காத்திருக்கும் பெண், ஈரத் தலையோடு கதவைப் பிடித்து நிற்கும் குழந்தை. எந்த வரிசை எந்த ஃபிலிம் என்பது சிக்கனத்தின் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

“பார்க்கவே வேண்டாம்” என்றார் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர். “அந்த ஃபிலிம்ல சிவப்பு ஊதிப்போயிடும். பொண்ணோட உதடும் கையில இருக்கிற ரோஜாவும் ஒண்ணாத் தெரியும்.”

“வெயில்ல பரவாயில்லப்பா” என்றார் பத்திரிகைக்காரர். “நிழலுக்குப் போனா மூஞ்சியெல்லாம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி ஆயிடுது.”

“எட்டு வருஷமா எங்கிட்ட படம் எடுத்துக்கிட்டவங்க யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடலையே!” என்றான் சிக்கனம்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மூக்கு சுவரில் இடிக்கும் அளவுக்கு நெருங்கி, ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு திரும்பிக் கம்பீரமாக நின்றார்.

“மேல் வரிசை நான் குடுத்த ஃபிலிம். கீழ் வரிசை இவனோடது. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிடும். மேல பாருங்க, வெல்டர் கன்னத்துல ரத்தம் ஓடுது. கீழ அதே ஆளு நாலு நாள் காய்ச்சல்ல கிடந்து எழுந்த மாதிரி நிக்கிறான்.”

எல்லோரும் எட்டிப் பார்த்து ஆமாம் போட்டார்கள். சிக்கனமும் பார்த்தான். அவனுக்குப் பகீரென்றது. கீழ் வரிசை முகங்களில் நிஜமாகவே பச்சை தட்டியிருந்தது. இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்ட ஃபிலிம் இன்றைக்குப் பார்த்து இப்படிக் காலை வாரிவிட்டதே! மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருந்தாலும் தலையைக் குனிய மனம் வரவில்லை. “ஃபிலிம் தோத்திருக்கலாம் சார். மேல இருக்கிற படமும் நான் எடுத்ததுதான்!” என்றான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“அதை யாரு இல்லேன்னா? பிரமாதமான படம் தம்பி. மூணையும் வாசலுக்கு நேரா மாட்டிடுவோம்.”

அதுவரை வாயே திறக்காத மனைவி முன்னால் வந்தாள். “அப்ப அதை மினிட்ஸ் நோட்டுல எழுதிடுங்க சார். விதியையும் சேர்த்தே எழுதிடுங்க. நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது பாருங்க.”

“பேச்சு மாறுறதா? நானா?” தலைவர் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு, சத்தமாகப் படித்தபடியே எழுதினார். “மேல் வரிசைப் படங்கள் மூன்றும் கண்காட்சிக்குத் தேர்வு. அவற்றை எடுத்த ஃபிலிமுக்கு மட்டுமே இனி சங்கத்தின் சுவரில் இடம்.” கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள். கடைசியில் சிக்கனமும் வேண்டாவெறுப்பாகப் போட்டான்.

“இப்ப நீயே சொல்லும்மா” என்றார் தலைவர். “என் கண்ணு தப்புமா?”

“கீழ் வரிசை இவரோட மலிவு ஃபிலிம்தான், அதைச் சரியா சொல்லிட்டீங்க சார்” என்று நோட்டை மூடித் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள் அவள். “மேல் வரிசையும் அதே நெகட்டிவ்தான், நான் ஒழுங்கா கலர் பார்த்துப் போட்டது மேல, வேணும்னே பச்சையை ஏத்திவிட்டது கீழ, நீங்க வாங்கிக் குடுத்த ரோலை இன்னும் கழுவவே இல்ல.”